முன்திட்டம் இல்லாமல் ஓவியம் தீட்ட முடியுமா? - ஆதிமூலத்தின் வண்ணங்கள் சொல்லும் பதில்

திருப்பூர் சாயப்பட்டறைகளில் நிறம் என்பது ஒரு கணக்கு. பையர் அனுப்பிய ஷேடைப் பார்த்து, சிறு துண்டுத் துணியில் சாயமேற்றி ‘லேப் டிப்’ எடுப்பார்கள். அதை லைட் பாக்ஸில் வைத்து ஒப்பிடுவார்கள். “செவப்பு கொஞ்சம் தூக்கலா இருக்குதுங்க” என்று சொல்லிவிட்டால், மறுபடியும் முதலில் இருந்து தொடங்க வேண்டியதுதான். ஒப்புதல் வந்த பிறகே மொத்தத் துணியும் சாயத்தில் இறங்கும்.

எண்ணெய் வண்ண ஓவியர்களில் ஒரு சாரார் இதற்கு நேர் எதிர்த் திசையில் வேலை செய்கிறார்கள். பென்சிலால் போட்ட முன்வரைவு இருக்காது. பார்த்து வரைய எதிரே எதுவும் இருக்காது. கேன்வாஸில் ஒரு வண்ணத்தைப் பூசுவார்கள். அதைப் பார்த்ததும் மனதில் என்ன தோன்றுகிறதோ, அதுதான் அடுத்த வண்ணம். உள்ளுணர்வைப் பின்பற்றும் ஓவிய முறை என்று இதைச் சொல்கிறார்கள்.

“தோணுனதப் பூசுறதுக்கு எதுக்குங்க ஓவியர்?” என்று கேட்கத் தோன்றலாம். ஓவியர் கே.எம்.ஆதிமூலம் கடந்து வந்த பாதையில் இதற்குப் பதில் இருக்கிறது.

கோடு முதலில், வண்ணம் பிறகு

திருச்சி மாவட்டம் துறையூர் அருகே 1938இல் பிறந்தவர் ஆதிமூலம். 1960களில் சென்னை அரசு ஓவியக் கல்லூரியில் பயின்றார். அவருக்குப் பெயர் வாங்கித் தந்தவை கறுப்பு மைக் கோடுகள்தான். 1969இல், காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த காந்தி கோட்டோவிய வரிசை பெரிதும் பேசப்பட்டது. அதிகாரத்தைக் கிண்டல் செய்யும் ராஜாக்களையும் வரைந்தார். சிற்றிதழ்கள், புத்தகங்கள் வழியாகத் தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமானவர், கி.ராஜநாராயணனின் கரிசல் கதைகளுக்கு அவர் வரைந்த படங்களைப் பலர் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

பிழைப்புக்கு அவர் பார்த்தது துணி சார்ந்த வேலை. கைத்தறிக்கு வடிவமைப்புகள் உருவாக்கித் தரும் நெசவாளர் சேவை மையத்தில் ஓவியராகப் பணிபுரிந்தார். ஜோகன் சௌத்ரி, ரெட்டப்ப நாயுடு போன்ற ஓவியர்களும் சென்னையில் இதே துறையில் வேலை பார்த்தவர்கள்தான்.

இத்தனைக்கும் பிறகுதான் அவர் முழுமையாக அரூப எண்ணெய் வண்ண ஓவியங்களுக்குத் திரும்பினார். அவற்றில் முகம் இல்லை, மரம் இல்லை. வண்ணத்தின் மேல் வண்ணமாகக் கனமான பூச்சுகள் மட்டுமே. ஆனாலும், பார்ப்பவருக்குக் காய்ந்த நிலமும் வானமும் தண்ணீரும் மனதில் எழும். 2008 ஜனவரியில் அவர் மறைந்தார்.

உள்ளுணர்வு எங்கிருந்து வருகிறது?

பல ஆண்டுகள் பழகிய கையிலிருந்து வருகிறது. அனுபவமுள்ள டையிங் மாஸ்டர் ஈரத்துணியைப் பார்த்தே, காய்ந்த பிறகு நிறம் எப்படி இருக்கும் என்று ஊகித்துவிடுவார். காரணம் கேட்டால் “பாத்தாலே தெரியுதுங்க” என்பார். அந்த ‘தெரிகிறது’ என்பதற்குப் பின்னால் ஆயிரக்கணக்கான துணிகள் இருக்கின்றன. ஓவியரின் உள்ளுணர்வும் இதே ரகம்தான்.

அரூப ஓவியத்தின் முன்னோடியான ரஷ்ய ஓவியர் காண்டின்ஸ்கி, தன்னிச்சையாகப் பிறப்பவற்றையும் நீண்ட தயாரிப்புக்குப் பின் உருவாகும் ஓவியங்களையும் தனித்தனி வகைகளாகப் பிரித்தார். 1913இல், ‘கம்போசிஷன் 7’ என்ற பிரம்மாண்ட ஓவியத்தை நான்கே நாட்களில் தீட்டினார். ஆனால், அதற்கு முன்பு அவர் செய்துபார்த்த முன்னோட்டங்கள் முப்பதுக்கும் மேல்!

எண்ணெய் வண்ணம் ஏன் ஏற்றது?

நீர் வண்ணம் தண்ணீர் ஆவியானதும் காய்ந்துவிடும். எண்ணெய் வண்ணத்தில் உள்ள ஆளிவிதை எண்ணெயோ காற்றின் ஆக்ஸிஜனோடு வினைபுரிந்து மெல்ல இறுகுகிறது. மெல்லிய பூச்சு தொடும் அளவுக்குக் காயவே சில நாட்கள் ஆகும். தடித்த பூச்சுக்கு வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரை கலக்கலாம், மாற்றலாம், பிடிக்கவில்லை என்றால் கத்தியால் வழித்துவிடலாம். யோசித்துக்கொண்டே தீட்டுபவருக்கு இந்த அவகாசம் பெரிய வரம்.

ஆனாலும், ஒரு விதியை மீற முடியாது. அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும், மேலே போகப்போகக் கூடுதலாகவும் இருக்க வேண்டும். மாற்றிச் செய்தால், மேல்பூச்சு முதலில் இறுகி, பின்னர் வெடிப்பு விடும்.

தொடங்குபவர்கள் கவனிக்க

* மூன்று வண்ணங்களும் வெள்ளையும் போதும். கலந்து பழகும்போதுதான் கண் தேறும்.

* தூரிகை துடைக்க பனியன் வேஸ்ட் தாராளமாகக் கிடைக்கும் ஊர் திருப்பூர். ஆனால், ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைக் குவித்து வைத்தால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காயவைக்க வேண்டும். அல்லது தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள டப்பாவில் போட வேண்டும்.

* டர்பன்டைனைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. நொய்யலில் சாயக்கழிவு கலந்ததால் 2011இல் நீதிமன்ற உத்தரவின்பேரில் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதை இந்த ஊர் மறக்காது.

எப்போது நிறுத்துவது?

இந்த முறையில் இதுதான் ஆகக் கடினம். சாயத்துக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஷேடு கார்டு உண்டு; இங்கே அப்படி எதுவும் இல்லை. ஓவியத்தைச் சில நாட்கள் சுவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் புதிதாகப் பார்ப்பதும், தலைகீழாக வைத்துப் பார்ப்பதும் ஓவியர்களிடம் உள்ள பழைய வழக்கங்கள். இன்னொரு பூச்சு சேர்த்தால் இருப்பதும் கெட்டுவிடும் என்று கண் சொல்லும் இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும். அந்தக் கண் எத்தனை கேன்வாஸ்களைப் பார்த்திருக்கிறது என்பதைப் பொறுத்தது மற்றதெல்லாம்.