ஓயாமல் சொறியும் வீட்டு நாய்

'சொறிநாய்' என்பது நம் பேச்சில் ஒரு வசைச்சொல். தோட்டத்து லயங்களில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல்லுக்குரிய உருவம் நன்றாகத் தெரியும். மயிர் உதிர்ந்து, தோல் தடித்து, எந்த வீட்டு வாசலிலும் நிற்க விடாமல் துரத்தப்பட்ட நாய் அது. அதற்கு வந்த நோய் என்னவென்று பார்க்க அன்று வழியில்லை. கறுப்பு எண்ணெயைப் பூசுவார்கள்; ஆறாவிட்டால் கோணியில் கட்டித் தொலைவில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள்.

நெகிரி செம்பிலான் தோட்டங்களை விட்டு வந்த குடும்பங்கள் பல, இன்று லோபாக் போன்று சிரம்பான் நகரை ஒட்டிய இடங்களில் வரிசை வீடுகளில் குடியிருக்கின்றன. வாசலில் காவல் நின்ற நாயின் இடத்தில் ஷிட்சு, பூடில், பொமரேனியன், பக் முதலிய சிறிய நாய்கள் வீட்டுக்குள்ளேயே வளர்கின்றன. குழந்தை படுக்கும் மெத்தையில் அதுவும் படுக்கிறது. நாய் மாறிவிட்டது, வீடும் மாறிவிட்டது. ஆனால் அது சொறியத் தொடங்கியதும் நாம் தேடிப்போகும் வைத்தியம் மட்டும் பல வீடுகளில் பழையதாகவே இருக்கிறது. அதனால் எளிதில் தீரக்கூடிய நோய் மாதக்கணக்கில் நீள்கிறது. சில வேளைகளில் நாயின் உயிருக்கே ஆபத்தாகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். சொறிதல் ஒரு தனி நோயன்று. காய்ச்சலைப் போல அது ஓர் அறிகுறி. காய்ச்சலுக்குப் பல காரணங்கள் இருப்பதுபோல் இதற்கும் பல உண்டு. நாய் எந்த இடத்தைச் சொறிகிறது என்று இரண்டு நாள் பொறுமையாகக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். வாலின் அடியையும் பின் தொடைகளையும் கடித்துக்கொண்டால் ஒரு காரணம். காது விளிம்பையும் முழங்கையையும் சொறிந்தால் வேறொன்று. பாதங்களை இடைவிடாமல் நக்கினால் மற்றொன்று.

வால் அடியிலிருந்து தொடங்குவோம். அங்கே முதல் குற்றவாளி தெள்ளுப்பூச்சி. "எங்கள் நாயை வாரந்தோறும் குளிப்பாட்டுகிறோம், ஒரு தெள்ளும் கண்ணில் படவில்லையே" என்று நேயர்கள் கேட்கலாம். தெள்ளு கடிக்கும்போது அதன் உமிழ்நீர் தோலுக்குள் இறங்குகிறது. சில நாய்களின் உடல் அந்த உமிழ்நீரை ஒவ்வாமல் எதிர்க்கிறது. அத்தகைய நாய்க்கு ஓரிரு கடியே போதும், நாள்கணக்கில் அரிக்கும். அரிக்கும் நாய் நக்கியும் கடித்தும் தெள்ளை விழுங்கிவிடுவதால் நம் கண்ணுக்கு ஒன்றும் அகப்படுவதில்லை. அதன் கழிவு மட்டும் மிளகுத்தூள்போல் மயிருக்குள் தங்கியிருக்கும். நெருக்கமான பற்கள் உள்ள சீப்பால் வாரி, விழும் தூளை ஈரமான வெள்ளைத் தாளில் வையுங்கள். தூளைச் சுற்றிச் செம்பழுப்பு நிறம் பரவினால் அது செரித்த இரத்தம், அதாவது தெள்ளின் கழிவு. வெறும் மண்ணாக இருந்தால் நிறம் கசியாது.

தெள்ளின் பிழைப்பை அறியாமல் அதை ஒழிக்க முடியாது. ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு நாற்பது முட்டைகள் வரை இடும். முட்டைகள் நாயின் உடலில் தங்குவதில்லை. அது நடக்கும் இடமெல்லாம் உதிர்கின்றன. மெத்தை மடிப்பு, கால்மிதி, அலமாரியின் அடி ஆகிய இருட்டான இடங்களில் புழுவாகி, பின் கூடு கட்டிக்கொள்கின்றன. கூட்டுக்குள் மாதக்கணக்கில் காத்திருக்கவும் அவற்றால் இயலும். மனித நடமாட்டத்தின் அதிர்வும் மூச்சுக் காற்றும் வெப்பமும் பட்டால் வெளியே பாய்கின்றன. விடுமுறை கழித்துப் பூட்டிய வீட்டைத் திறந்தவுடன் காலெல்லாம் கடிபடுவது இதனால்தான். ஒரு வீட்டில் உள்ள தெள்ளுக் கூட்டத்தில் நாயின் மேல் இருப்பவை நூற்றுக்கு ஐந்து அளவே. மீதி தொண்ணூற்றைந்தும் முட்டையாகவும் புழுவாகவும் கூடாகவும் வீட்டில் இருக்கின்றன. குளிர் நாடுகளில் பனிக்காலம் வெளியில் உள்ளவற்றை ஓரளவு கொன்றுவிடும். நம் வெப்பமும் ஈரமும் ஆண்டு முழுவதும் அவற்றுக்கு உகந்தவை.

ஆகவே நாயை மட்டும் குளிப்பாட்டிவிட்டு நிம்மதி அடைவதில் பயனில்லை. நாய் படுக்கும் துணிகளை வாரம் ஒரு முறை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். வீட்டைக் குப்பை உறிஞ்சும் எந்திரத்தால் மூலைமுடுக்கெல்லாம் சுத்தம் செய்து, பையை உடனே வெளியே கொட்ட வேண்டும். மருத்துவர் தரும் தெள்ளு மருந்தை, நாய் சொறிவது நின்ற பின்னும், குறைந்தது மூன்று மாதம் தவறாமல் கொடுக்க வேண்டும். வீட்டில் உள்ள எல்லா நாய்க்கும் பூனைக்கும் ஒரே சமயத்தில் கொடுக்க வேண்டும். ஆனால் பூனைக்குப் பூனைக்குரிய மருந்தையே கொடுங்கள். பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனையைக் கொன்றுவிடும். மருந்து தடவிய நாயைப் பூனை நக்கினாலும் அபாயமே.

இனிக் காது விளிம்பு, முழங்கை, குதிகால். இந்த இடங்களில் மயிர் உதிர்ந்து, பொருக்குத் தட்டி, இரவும் பகலும் நாய் உறங்காமல் சொறிந்தால் அது பெரும்பாலும் மெய்யான சொறி. கண்ணுக்குத் தெரியாத ஒரு சிற்றுண்ணி தோலைக் குடைந்து உள்ளே முட்டையிடுவதால் வருவது. காது மடலின் விளிம்பை விரலால் மெல்லத் தேய்த்துப் பாருங்கள். நாயின் பின்னங்கால் தானாகவே சொறிவதுபோல் ஆடினால் ஐயம் வலுக்கிறது. இந்தச் சொறி மனிதருக்கும் சிறிது தாவும். நாயைத் தூக்கும் கைகளிலும் வயிற்றிலும் சிவந்த புள்ளிகள் தோன்றி அரிக்கும். ஆனால் நாய்ச் சிற்றுண்ணி நம் தோலில் நிலைத்து வாழாது. நாயைக் குணப்படுத்தினால் நமக்கும் அடங்கிவிடும். வீட்டில் யாருக்கேனும் அப்படி இருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அது நோயைக் கண்டுபிடிக்க உதவும். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்கும்போது இந்தச் சிற்றுண்ணி பல முறை அகப்படாமல் போய்விடும். அதனால் ஐயத்தின் பேரிலேயே மருந்து கொடுத்துப் பார்ப்பதும் முறையான வைத்தியமே.

ஒரு காலத்தில் இதற்குப் பல வாரம் மருந்து நீரில் முக்கி எடுக்க வேண்டியிருந்தது. 2013, 2014ஆம் ஆண்டுகளில் வெளிவந்த அபாக்சோலானர், புளூராலானர் வகை மருந்துகள் அந்தத் தொல்லையைப் பெரிதும் குறைத்துவிட்டன. தெள்ளு, உண்ணி, சிற்றுண்ணி மூன்றுக்கும் அவை பயன்படுகின்றன. வலிப்பு வந்த நாய்க்கு மட்டும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கலாகாது.

சிறிய நாய்களுக்கே உரிய ஓர் அபாயத்தை இங்குச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சொறிக்கு 'மாட்டு ஊசி' போட்டால் நின்றுவிடும் என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. அவர்கள் சொல்வது ஐவர்மெக்டின். மாட்டுக்குரிய ஒரு சதவீதக் கரைசலில் ஒரு மில்லிலிட்டருக்குப் பத்து மில்லிகிராம் மருந்து இருக்கிறது. அது ஐம்பது கிலோ எடைக்கு ஏற்ற அளவு. நான்கு கிலோ எடையுள்ள ஒரு ஷிட்சுவுக்கு அதே ஒரு மில்லிலிட்டரைப் போட்டால், மாட்டுக்குக் கொடுப்பதைவிடப் பன்னிரண்டு மடங்குக்கு மேல் கொடுத்தவர்களாகிறோம். கண்பாவை விரிந்து, தள்ளாடி, நடுங்கி விழுவதற்கு அது போதும். கோலி இன நாய்களும் அவற்றின் கலப்புகளும் அதில் மிகச் சிறு பங்கைக்கூடத் தாங்கா. அவற்றின் மரபுக்கூறில் உள்ள ஒரு குறையால் மருந்து மூளைக்குள் புகுந்துவிடுகிறது. பெரிய நாய்க்கு வாங்கிய மாத்திரையைக் கண்ணளவில் உடைத்துச் சின்ன நாய்க்குக் கொடுப்பதும் இதே வகைத் தவறுதான். எடை பார்த்துத்தான் மருந்து.

மண்ணெண்ணெயும் எந்திரத்தின் கழிவெண்ணெயும் அப்படியே. பழைய வைத்தியத்தில் கழிவெண்ணெயோடு கந்தகம் கலந்து பூசுவார்கள். அதில் சிற்றுண்ணியைக் கொன்றது கந்தகம். சுண்ணாம்பும் கந்தகமும் சேர்ந்த கரைசல் சொறிக்கும் படர்தாமரைக்கும் இன்றும் மருத்துவர்கள் கையாள்வதே. எண்ணெயோ தோலைச் சுட்டு, நக்கும்போது வயிற்றுக்குள் போய், நுரையீரலையும் கெடுக்கிறது. நாயின் மேல்தோல் நம் தோலைவிட மெல்லியது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கிருமிநாசினித் திரவங்களை நீரில் ஊற்றிக் குளிப்பாட்டுவதையும் விட்டுவிடுங்கள்.

தெள்ளும் இல்லை, சொறியும் இல்லை, ஆயினும் நாய் பாதங்களை நக்குகிறது, முகத்தைத் தரையில் தேய்க்கிறது, அக்குளும் வயிறும் சிவக்கின்றன, காதில் அடிக்கடி சீழ் வருகிறது என்றால்? வெள்ளை நாயாக இருந்தால் பாதத்து மயிர் எச்சில் பட்டுப் பழுப்பாகிவிடும். ஆறு மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடையில் இது தொடங்கினால் பரம்பரையாக வரும் ஒவ்வாமை என்று எண்ண இடமுண்டு. வீட்டுத் தூசியில் வாழும் சிற்றுண்ணிகள், புல், பூஞ்சணம் முதலியவை தூண்டுகின்றன. நமக்கு அவற்றால் தும்மலும் இளைப்பும் வரும்; நாய்க்குத் தோலில் வருகிறது.

உணவு ஒவ்வாமையும் ஏறத்தாழ இதே கோலத்தில்தான் காணும். மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை ஆகியவை பெரும்பாலும் காரணமாகின்றன. இரத்தப் பரிசோதனையால் இதை நம்பத்தகுந்த வகையில் கண்டறிய முடியாது. ஒரே வழி, நாய் இதுவரை தின்றிராத ஒரு புலாலையும் ஒரு மாவுப்பொருளையும் மட்டும், அல்லது மருத்துவர் குறிக்கும் தனி உணவை மட்டும், எட்டு வாரம் கொடுத்துப் பார்ப்பது. பிறகு பழைய உணவைத் திரும்பக் கொடுத்து, அரிப்பு மீண்டும் வருகிறதா என்று பார்க்க வேண்டும். கேட்க எளிது. நடைமுறையில் எட்டு வாரத்தைக் கெடுப்பவர்கள் பாட்டியும் பேரப்பிள்ளைகளும்தான். மேசைக்கடியில் ஒரு துண்டு ரொட்டிச் சானாய், ஒரு கோழி எலும்பு, நாலு நெத்திலி என்று விழுந்தால் போதும், பரிசோதனை வீண். எனவே தொடங்குவதற்கு முன் வீட்டார் அனைவரையும் உட்காரவைத்துப் பேசிவிடுவது நல்லது.

பரம்பரை ஒவ்வாமை அடியோடு தீராது. நீரிழிவைப்போல் கட்டுக்குள் வைக்கக்கூடியது. இதை ஏற்றுக்கொள்ளாத வீட்டார்தான் மருத்துவரை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் ஓர் ஊசி, ஒரு வார நிம்மதி, மறுபடி சொறி. அந்த ஊசி பெரும்பாலும் ஸ்டீராய்டு. குறுகிய காலத்துக்கு அது நல்ல மருந்துதான். மாதந்தோறும் தொடர்ந்தால் நாய்க்குத் தாகமும் பசியும் மிகும், வயிறு தொங்கும், தசை கரையும், நீரிழிவும் வரலாம். 2013இல் வந்த ஒக்லாசிட்டினிப் மாத்திரை, நான்கு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை போடும் லோகிவெட்மாப் ஊசி ஆகியவை அரிப்பைக் கடத்தும் பொருள்களையே தடுக்கின்றன. விலை கூடுதல்தான், ஆனால் இங்குச் சிறிய நாய்க்கு ஓர் அனுகூலம் உண்டு. எடை குறைவானால் மருந்தும் குறைவு. ஒக்லாசிட்டினிப்பை ஒரு வயதுக்குட்பட்ட நாய்க்குக் கொடுப்பதில்லை.

சொறிந்து புண்ணான தோலில் கிருமியும் காளானும் குடியேறும். பிசுபிசுப்பும் புளித்த நாற்றமும் அதன் அடையாளம். அவற்றைப் போக்காமல் அரிப்பு மருந்து மட்டும் கொடுத்தால் பலிக்காது. குளோர்ஹெக்சிடின் கலந்த மருந்துச் சவர்க்காரத்தை இளஞ்சூட்டு நீரில் தேய்த்து, பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவ வேண்டும். பலர் பூசியவுடன் கழுவிவிடுகிறார்கள். பிறகு விரலிடுக்கும் அக்குளும் நன்றாக உலர வேண்டும், நம் ஈரக்காற்றில் இது முக்கியம். மழையில் நடந்து வந்தால் பாதத்தைக் கழுவித் துடைத்தாலே நக்குவது குறையும்.

மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி, வளர்க்கும் உயிரை நோயிலிருந்து காப்பது வளர்ப்பவரின் கடமை. சிரம்பானில் தனியார் கால்நடை மருத்துவர்கள் இருக்கிறார்கள். சிக்கலான நோய்க்கு வடக்கே செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை உண்டு. போகும்போது நான்கு செய்திகளை எழுதி எடுத்துச் செல்லுங்கள்: எந்த வயதில் தொடங்கியது, முதலில் எந்த இடத்தைச் சொறிந்தது, என்னென்ன தின்கிறது, இதுவரை என்னென்ன பூசினீர்கள், கொடுத்தீர்கள். கறுப்பு எண்ணெய் பூசியிருந்தால் அதையும் சேர்த்துத்தான். போவதற்கு முதல் இரண்டு நாள் குளிப்பாட்ட வேண்டாம். தோலில் இருப்பதை மருத்துவர் பார்க்க வேண்டும்.