கண்மாய்க்கு 25 மார்க்

“அண்ணாச்சி, நான் படிக்கிறது பி.காம். எனக்கு எதுக்கு ஈ.வி.எஸ்., அதான் சுற்றுச்சூழல் பேப்பர்?” சிவகாசி பக்கம் நாரணாபுரம் டீக்கடை பெஞ்சில் பக்கத்து வீட்டுப் பையன் கேட்டான். சீனியரின் ரெக்கார்டை வாங்கிக் காப்பி அடித்தால் போதும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

எம்.சி. மேத்தா என்ற வக்கீலைத் தெரியுமா என்றேன். தெரியாதாம். தெரிந்திருக்க வேண்டும். சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் பிள்ளைகளை வேலைக்கு வைப்பதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனவர். தீர்ப்பு 1996-ல் வந்தது. இந்த ஈ.வி.எஸ். பேப்பரும் அவர் போட்ட இன்னொரு வழக்கால் வந்ததுதான். 1991-லேயே உத்தரவு ஆனது, பெரிதாக யாரும் அசையவில்லை. 2003-ல் கோர்ட் மறுபடி அதட்டிய பிறகுதான் எல்லாப் பட்டப் படிப்புக்கும் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) கட்டாயமாக்கியது. அன்று போட்ட பாடத்திட்டத்தில் 50 வகுப்பு. நூறு மார்க்கில் 25 வெளியே போய்ப் பார்த்து எழுதுவதற்கு.

இயற்கை வளம் என்று காடு, தண்ணீர், கனிமம், நிலம் என அடுக்குவார்கள். நம் ஊருக்கு நான் முதலில் வெயிலை எழுதுவேன். 1920-களின் தொடக்கத்தில் சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா போனார்கள். அந்தத் தொழில் இங்கே வேர்விட இந்தக் காய்ந்த வானமும் ஒரு காரணம். தீப்பெட்டியும் பட்டாசும் காய வெயில் வேண்டும், கண்மாய் பெருக மழை வேண்டும். ஒரே வீட்டில் ரெண்டு வேண்டுதல். அந்த 25 மார்க்குக்கு நம் கண்மாயையே போய்ப் பார் என்றேன்.

“கண்மாயில என்னத்தப் பார்க்க? வெறும் முள்ளுதான கெடக்கு?”

அதைத்தான் பார்க்கணும். வரத்துக்காலில் வரும் தண்ணீர் மடை வழியாக வயலுக்குப் போகும். மிஞ்சியது கலுங்கில் வழியும். வழிவது வீணில்லை, கீழே இருக்கிற கண்மாய்க்கு அதுதான் வரத்து. நடுவில் ஒரு கால்வாயைச் சீமைக்கருவேலம் அடைத்தால் கீழே உள்ளவன் வயல் காயும். வெட்டிவிடலாம்தான். ஆனால் அதே முள்ளை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்களும் இந்தப் பக்கம் உண்டு. இந்தச் சிக்கலை சீனியர் ரெக்கார்டில் தேடினால் கிடைக்காது. கரையில் நின்று ரெண்டு பேரிடம் கேட்டால் தெரியும்.

டீ ஆறிப்போயிருந்தது.

“ஞாயித்துக்கிழமை காலைல வா தம்பி, நானும் வரேன். ரப்பர் செருப்பு போடாத. கருவேல முள்ளு அதைத் துளைச்சிரும்.”