கங்காவோடு ஒரு சமாதானம்

கங்காவை எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலின் நாயகியைத்தான் சொல்கிறேன். கேஎல் சென்ட்ரலுக்கு வரும் ரயிலில் கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்கத் தொடங்கினேன். பெற்ற தாயிடம் சிடுசிடுப்பு. பார்க்கிறவர்கள் மேலெல்லாம் ஒரு குறை. யாரையும் பக்கத்தில் சேர்க்காத அதிகாரி. முகம் தெரியாத நேயர்களிடம் சிரித்துப் பேசிச் சம்பளம் வாங்குகிறவள் நான். இப்படி ஒருத்தியோடு இத்தனை பக்கம் எப்படிக் குடித்தனம் நடத்துவது? இரண்டு முறை மூடி வைத்தேன்.

கிள்ளானில் இருக்கும் அம்மாவிடம் போனில் இதைச் சொன்னேன். அம்மா நாவல் படித்ததில்லை. லட்சுமி நடித்து 1977-இல் வந்த படத்தைப் பார்த்தவர். “அந்தப் பிள்ளைய ஏன்மா குறை சொல்ற? அவங்க அம்மா அன்னைக்குக் கத்தாம இருந்திருந்தா, அது ஏன் இப்படி ஆகுது?” என்றார்.

நாவலின் சாவியே அதுதான். 1966-இல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தன் ‘அக்கினிப் பிரவேசம்’ என்றொரு சிறுகதை எழுதினார். மழை நாளில் ஒரு கல்லூரி மாணவி முன்பின் தெரியாதவனின் காரில் ஏறுகிறாள். சீரழிந்து வீடு திரும்புகிறாள். அம்மா அவள் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று அணைத்துக்கொள்கிறாள். அவ்வளவுதான் கதை. ஒரு தாய் இதை எப்படி மன்னிக்கலாம் என்று வாசகர்கள் கொதித்துப்போனார்கள்.

சரி, நீங்கள் கேட்டபடியே நடந்திருந்தால்? அதற்குப் பதிலாக வந்ததுதான் இந்த நாவல். இதில் அம்மா அலறுகிறாள், அக்கம்பக்கம் கூடுகிறது, அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான். பன்னிரண்டு வருடம் கழித்து நாம் சந்திக்கும் கங்கா, அந்த அலறலில் வளர்ந்தவள். இது புரிந்த பிறகு முதல் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போனேன். எனக்கு எரிச்சலூட்டிய அதே சிடுசிடுப்பு, யாரும் கிட்டே வராமல் இருக்க அவள் போட்ட வேலியாகத் தெரிந்தது.

வேலிக்கு உள்ளேயே ஒருவர் இருக்கிறார். வெங்கு மாமா. படிக்க வைத்தவர் அவர்தான். அந்த நன்றிக்கடனைக் காட்டியே அவளை உரசிக்கொண்டு திரிபவரும் அவர்தான். முடிந்தால் அவனையே தேடிக் கண்டுபிடி என்று அவர் சவால் விட, கங்கா கிளம்பிவிடுகிறாள். புத்தகத்தைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. கெடுத்தவனையா தேடிப் போவாள்? ஆனால் மற்ற கதவையெல்லாம் அடைத்துவிட்டு, ஏன் அந்த வழியாகப் போனாய் என்று அவளைக் கேட்க நமக்கு என்ன உரிமை? கண்டுபிடித்த பிரபுவோ, மனைவியிடமும் மகளிடமும் மதிப்பில்லாத ஒரு வெற்று மனிதன். அவனும் அவளும் சும்மா உட்கார்ந்து பேசும் பக்கங்கள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை. அதுவரை அவளிடம் யார் சாதாரணமாகப் பேசினார்கள்?

குறை இல்லாமல் இல்லை. பாத்திரங்கள் சில இடங்களில் மேடைப் பேச்சே பேசுகிறார்கள். பிராமணப் பேச்சுவழக்கு நம் மலேசியக் காதுக்குப் பழக இரண்டு அத்தியாயமாவது ஆகும். 1972-இல் சாகித்திய அகாதமி விருது பெற்ற நாவல் என்பதற்காக இதையெல்லாம் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை, கங்காவுக்காகப் பொறுத்துக்கொள்ளலாம்.

பழைய காலத்துக் கதை என்று தோழி ஒருத்தி பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் உதட்டைப் பிதுக்கினாள். ஏதாவது ஒரு பெண்ணின் பெயர் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அடிபடும்போது முதல் கேள்வி என்னவாக வருகிறது என்று கேட்டேன். “அந்த நேரத்துல அவளுக்கு அங்க என்ன வேலை?” என்று அவளே சொன்னாள். அன்று அலறக் கூடத்துக்கு வர வேண்டியிருந்தது. இன்று கைப்பேசி போதும்.

படிக்க நினைப்பவர்கள் சிறுகதையிலிருந்து தொடங்குங்கள். அரை மணி நேரம்தான் ஆகும். கங்காவின் முடிவை நான் சொல்லப்போவதில்லை. அது பொறுக்காதவர்களுக்கு ‘கங்கை எங்கே போகிறாள்’ என்ற தொடர்ச்சி நாவலும் உண்டு. நான் அதை இந்த வாரம்தான் கையில் எடுத்திருக்கிறேன்.