பெரியோர் கைப்பட எழுதிய மடல்கள்
வாங்குவதும் காப்பதும்

அச்சிட்ட நூலுக்குப் படிகள் ஆயிரம் உண்டு. ஒருவர் தம் கைப்பட எழுதிய மடலோ உலகில் ஒன்றே. அவர் எழுதி அடித்த சொல்லும், விரைவில் சிந்திய மையும் அதில் அப்படியே நிற்கும். இதனாலேயே மேனாடுகளில் அறிஞரும் செல்வரும் வரலாற்றுப் பெரியோரின் கையெழுத்துகளைப் பொருள் கொடுத்து வாங்கித் திரட்டுகின்றனர்.

புகழ் ஒன்றே அவற்றின் விலையைத் தீர்மானிப்பதில்லை. 1776இல் அமெரிக்க விடுதலைச் சாசனத்தில் ஒப்பமிட்ட 56 பேருள் பட்டன் குவின்னெட் என்பவரைப் பலர் அறியார். மறு ஆண்டே அவர் துப்பாக்கிச் சமர் ஒன்றில் காயமுற்று இறந்தார். அவருடைய கையொப்பங்கள் மிகச் சிலவே எஞ்சியுள்ளமையால், வாசிங்டனின் கையொப்பத்தினும் அவை மிகுந்த விலை பெறுகின்றன.

ஏமாந்த பேரறிஞர்

விலை ஏறிய பொருளுக்குப் போலியும் தோன்றும். 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு நாட்டில் வாழ்ந்த மிஷேல் ஷால் வடிவக் கணிதத்தில் பெரும்புலவர். அவரிடம் லூக்கா என்பவன் 1861 முதல் சில ஆண்டுகளில் பல்லாயிரம் போலி மடல்களை விற்றான். பழைய நூல்களிலிருந்த வெற்றுத் தாள்களைக் கிழித்து, தானே செய்த மையால் எழுதினான். அலெக்சாந்தரும் கிளியோபாத்திராவும் எழுதியனவாகச் சொல்லப்பட்ட மடல்களும் அவற்றில் இருந்தன. அவையும் பிரெஞ்சு மொழியிலேயே இருந்தன!

ஈர்ப்பு விதியை நியூட்டனுக்கு முன்னரே தம் நாட்டவரான பாஸ்கல் கண்டறிந்தார் எனக் காட்டும் மடல்களை ஷால் 1867இல் அறிவியற் கழகத்தில் படித்தார். பாஸ்கல் இறந்த 1662இல் நியூட்டனுக்கு இருபது வயதும் நிரம்பவில்லை. பாஸ்கல் காலத்தில் எவருக்கும் கிடைத்திராத வானியற் கணக்குகள் அம்மடல்களில் உள்ளன எனப் பிற அறிஞர் எடுத்துக் காட்டினர். 1870இல் லூக்காவுக்கு இரண்டாண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. கணிதத்தில் எதையும் நிறுவிக் காட்டாமல் ஏற்காத ஷால், நாட்டுப் பற்றால் மடல்களை ஆராயாமல் ஏற்றார். நம் மனம் விரும்புவதையே சொல்லும் மடலைத்தான் இருமுறை ஆராய வேண்டும்.

வாங்குமுன் ஆராய்க

மடல் யாரிடமிருந்து யாரிடம் வந்தது என்பதே முதற் கேள்வி. விற்பவர் அதைச் சான்றுடன் சொல்ல வேண்டும். அடுத்து மொழி, நாள், தாள், மை ஆகியவை ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா எனப் பார்க்க வேண்டும். 1983இல் 'ஸ்டெர்ன்' என்னும் செருமானிய வார ஏடு, இட்லரின் நாட்குறிப்புகள் என்று சிலவற்றைப் பெருந்தொகை கொடுத்து வாங்கி வெளியிட்டது. இட்லர் இறந்தது 1945இல். அத்தாளில் இருந்த வெண்மையூட்டும் பொருளோ 1950களில்தான் வழக்குக்கு வந்தது. சில நாளிலேயே குட்டு வெளிப்பட்டது.

வாங்கியபின் காக்க

ஐரோப்பியர் நெடுங்காலம் மாசிக்காயும் அன்னபேதியும் சேர்த்துச் செய்த மையால் எழுதினர். ஈரம் மிகுந்தால் அந்த மையே தாளை அரித்துவிடும். ஆகவே வெப்பமும் ஈரமும் மிகுந்த நம் நாட்டில் கவனம் இருமடங்கு தேவை. ஒவ்வொரு மடலையும் அமிலம் கலவாத தாளுறையில் மடிக்காமல் இட்டு, ஒளி படாத, காற்றோட்டமுள்ள உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். வெயில் படும் சுவரில் சட்டமிட்டு மாட்டினால் எழுத்து மங்கும். கிழிந்த இடத்தில் ஒட்டு நாடா ஒட்டலாகாது. அதன் பசை ஊறிக் கறையாகும். சூடேற்றிப் பிளாஸ்டிக் உறையிடுவதோ பின்னர் நீக்க இயலாத கேடு. வெள்ளிப்பூச்சி அண்டாதவாறு அவ்வப்போது எடுத்துப் பார்ப்பதும் நன்று.

திரட்டியவர் வாழ்நாளுக்குப் பின்னும் மடல் வாழ வேண்டும். ஆஸ்திரிய எழுத்தாளர் ஸ்டெபான் சுவைக் 1942இல் இறந்தார். அவர் திரட்டிய கையெழுத்துகளை வாரிசுகள் 1986இல் பிரிட்டிஷ் நூலகத்துக்கு அளித்தனர். இன்று ஆராய்ச்சியாளர் எவரும் அவற்றைக் கண்டு பயன் பெறலாம். பொருள் கொடுத்து வாங்கியவர் மடலுக்கு உடையவராகலாம்; அதிலுள்ள வரலாற்றுக்கு அவர் காவலரே ஆவார்.