நூற்றுக்கு ஆறு: பெங்களூரு நூலகங்களின் கணக்கு

பெங்களூருவில் சொந்த வீடு வைத்திருக்கும் எவரும், புத்தகம் படிக்கிறாரோ இல்லையோ, நூலகத்துக்குப் பணம் கட்டியவர்தான். மாநகராட்சியின் சொத்து வரிக் கணக்கில் வரித் தொகைக்கு மேல் ‘செஸ்’ என்று ஒன்று சேரும். நெடுங்காலம் அது 24 சதவீதமாக இருந்தது. அதில் 15 சதவீதம் சுகாதாரத்துக்கு, 3 சதவீதம் பிச்சைக்காரர் மறுவாழ்வுக்கு, மீதி 6 சதவீதம் நூலகத்துக்கு. பத்தாயிரம் ரூபாய் சொத்து வரி கட்டுகிறவர் அறுநூறு ரூபாய் நூலக வரியும் கட்டுகிறார். வாடகைக்கு இருப்பவரும் இதிலிருந்து தப்பவில்லை. வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துத்தானே வாடகை சொல்கிறார்!

தனி ஒருவருக்கு இது சின்னத் தொகை. ஊர் மொத்தத்துக்கும் பார்த்தால் அப்படி இல்லை. 2023-24 நிதியாண்டில் பெங்களூரு மாநகராட்சி வசூலித்த சொத்து வரி சுமார் 3,900 கோடி ரூபாய். அபராதம், பழைய பாக்கி, வேறு கட்டணங்கள் எல்லாவற்றையும் தாராளமாகக் கழித்துவிட்டாலும், நூலகத்தின் பங்கு 100 கோடியைத் தாண்டும். பூங்காவின் மூலையிலோ மாநகராட்சிக் கட்டடத்தின் மாடியிலோ பழைய மேசை நாற்காலிகளோடு இயங்கும் ஒரு கிளை நூலகத்தைப் பார்ப்பவருக்கு இந்தத் தொகையை நம்புவது கடினம்.

பணம் இல்லாமல் நூலகம் வாடுகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். பெங்களூருவைப் பொறுத்தவரை அது பாதி உண்மைதான். இங்கே பணம் இருக்கிறது. அது எந்த மேசையில் தங்குகிறது, யார் கேட்டால் நகரும் என்பதில்தான் சிக்கல்.

நூலகத்துக்கென்று தனி வரி என்ற இந்த ஏற்பாட்டின் வேர் சீர்காழியில் இருக்கிறது. அங்கே 1892-ல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கணிதப் பேராசிரியராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானவர். நூலகத்தைப் பணக்காரர்களின் தயவில் விட்டால் அது நிலைக்காது, சட்டமும் அதற்கென்றே ஒரு வரியும் வேண்டும் என்பது அவர் கட்சி. 1930-ல் காசியில் நடந்த அனைத்து ஆசியக் கல்வி மாநாட்டிலேயே ஒரு மாதிரி நூலகச் சட்டத்தை முன்வைத்தார். அந்த முயற்சி 1948-ல் சென்னை மாகாணத்தில் பலித்தது. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் அதுதான். 1957-ல் ரங்கநாதன் பெங்களூருவுக்குக் குடிவந்தார். 1962-ல் ஆவணவியல் ஆராய்ச்சி, பயிற்சி மையத்தை இங்கே தொடங்கினார். இன்றைய கர்நாடகமான மைசூர் மாநிலத்தின் பொது நூலகச் சட்டம் 1965-ல் வந்தது. 1972-ல் அவர் காலமானதும் இந்த ஊரில்தான்.

தமிழ்நாட்டில் இன்று நூலக வரி நூற்றுக்குப் பத்து, கர்நாடகத்தில் ஆறு. ஆனால் கர்நாடகச் சட்டத்தில் ஒரு நல்ல அம்சம் உண்டு. நூலக ஊழியர்கள் மாநில அரசின் ஊழியர்கள். அவர்கள் சம்பளம் அரசு கஜானாவிலிருந்து வருகிறது. அதனால் வரிப் பணம் முழுவதையும் புத்தகம், பத்திரிகை, கட்டடம், மின்சாரம், தளவாடம் என்று செலவிடலாம். தாளில் பார்த்தால் இதைவிடச் சிறந்த ஏற்பாடு கிடையாது.

நிர்வாகத்துக்குச் சட்டம் நகர நூலக ஆணையம் என்று ஓர் அமைப்பைச் சொல்கிறது. மேயர் அதன் தலைவர், தலைமை நூலகர் செயலர். வரவு செலவுத் திட்டம் இங்கேதான் ஒப்புதல் பெற வேண்டும். நகரத்தைக் கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு, மத்தி என்று மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மத்திய நூலகமும் கிளைகளும் வைத்திருக்கிறார்கள். கப்பன் பூங்காவில் சேஷாத்ரி ஐயர் நினைவு மண்டபம் என்ற சிவப்புக் கட்டடம்தான் மாநில மத்திய நூலகம். வெளியூர்க்காரர்கள் படமெடுத்துச் செல்வது அதைத்தான். தினமும் பேப்பர் படிக்க வருகிறவர்களின் உலகமோ கிளைகளில்.

இதில் ஒரு கோணல் உண்டு. வரியை வசூலிப்பது மாநகராட்சி, செலவழிக்க வேண்டியது நூலகத் துறை. வசூலித்தவர் அதைத் துறையிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். ஒப்படைக்காவிட்டால்? கடிதம் எழுதலாம், நினைவூட்டலாம், மறுபடியும் எழுதலாம். மாநகராட்சி பல நூறு கோடி ரூபாய் நூலக வரிப் பாக்கி வைத்திருப்பதாகப் பெங்களூரு நாளேடுகளில் ஆண்டு தவறாமல் செய்தி வரும். சென்னையிலும் இதே கதை நடந்திருக்கிறது. குப்பை அள்ளவும் சாலை போடவும் பணம் தட்டுப்பாடாகும்போது, கையில் இருக்கும் நூலகப் பணத்தை எடுத்துச் செலவழித்துவிடுவது எந்த ஆணையருக்கும் எளிது. குப்பை தேங்கினால் மக்கள் தெருவுக்கு வருவார்கள். புதுப் புத்தகம் வரவில்லை என்று யாரும் மறியல் செய்வதில்லை.

கிளை நூலகத்தின் கணக்குப் புத்தகத்திலும் இதே தர்க்கம்தான். வாடகைக் கட்டடம் என்றால் வாடகையை நிறுத்த முடியாது. மின்கட்டணத்தை நிறுத்தினால் மறுவாரம் இருட்டு. நாளிதழை நிறுத்தினால் காலை ஒன்பது மணிக்கே ஓய்வு பெற்ற பெரியவர்கள் நூலகரிடம் சண்டைக்கு நிற்பார்கள். பெருக்குகிறவருக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். ஆகவே நிதி குறைந்தால் முதலில் வெட்டு விழுவது புத்தகத்துக்கு, அடுத்தது பைண்டிங்குக்கு. இரண்டு மூன்று ஆண்டு கழித்துத்தான் வாசகருக்கு அது உறைக்கும். அதற்குள் அவர் வருவதை நிறுத்தியிருப்பார்.

புத்தகம் வாங்குவதிலும் கிளை நூலகருக்குப் பெரிதாகச் சொல் இல்லை. தேர்வுக் குழு மாநில அளவில் அமர்ந்து மொத்தக் கொள்முதலை முடிவு செய்கிறது. கொல்கத்தாவில் 1972-ல் தொடங்கிய ராஜாராம் மோகன்ராய் நூலக அறக்கட்டளை, மாநிலம் தன் பங்கைப் போட்டால் தானும் ஒரு பங்கு போடுகிறது. அதுவும் மேலிருந்துதான் வந்து சேர வேண்டும். தன் வட்டாரத்தில் தமிழ் வாசகர் எத்தனை பேர், உருது கேட்பவர் யார், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு எந்தக் கையேடு வேண்டும் என்பதெல்லாம் மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு அத்துப்படி. ஆனால் இருநூறு ரூபாய்ப் புத்தகம் ஒன்றைத் தானே முடிவு செய்து வாங்க அவருக்கு வழியில்லை. அல்சூர்த் தமிழர்களுக்காவது பக்கத்திலேயே தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இருக்கிறது. பசவனகுடிக்காரர்களுக்கு பி.பி. வாடியா 1945-ல் நிறுவிய இந்திய உலகப் பண்பாட்டு நிறுவனத்தின் நூலகம் இருக்கிறது. அந்த வசதி இல்லாத பேட்டைகளுக்கு அரசுக் கிளைதான் கதி.

இன்னொரு சங்கதி பலருக்குத் தெரியாது. புத்தகம் காணாமல் போனால் தன் சம்பளத்தில் பிடிப்பார்களோ என்ற பயம் இந்திய நூலகர்களை விடாமல் துரத்துவது. அலமாரிக்குப் பூட்டு விழுவது பெரும்பாலும் இதனால்தான். மத்திய அரசின் பொது நிதி விதிகள் (2017) இதில் நியாயமாகவே நடந்துகொள்கின்றன. ஓராண்டில் வாசகர் கைக்குப் போன ஆயிரம் புத்தகங்களுக்கு ஐந்து தொலைந்தால், அதில் மோசடியோ அலட்சியமோ இல்லாதவரை, அது இயல்பான இழப்புதான் என்கின்றன. இந்த விதி மத்திய அரசு நூலகங்களுக்கானது. கிளை நூலகம் ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு விதியை எழுதிச் சுவரில் ஒட்டினால் பாதிப் பூட்டுகள் தாமாகத் திறந்துவிடும்.

நகரம் இப்படித் திணறும் அதே மாநிலத்தில் கிராமங்கள் வேறு பாதையில் போயிருக்கின்றன. 2019-ல் கர்நாடக அரசு கிராம நூலகங்களை நூலகத் துறையிடமிருந்து எடுத்து, ஊரக வளர்ச்சி, பஞ்சாயத்து ராஜ் துறையிடம் கொடுத்தது. ஐயாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட நூலகங்கள். அடுத்த ஆண்டு ‘ஓதுவ பெளகு’ என்ற வாசிப்புத் திட்டம் வந்தது. பிள்ளைகளுக்கு உறுப்பினர் கட்டணம் கிடையாது என்றார்கள், லட்சக்கணக்கில் சேர்ந்தார்கள். பஞ்சாயத்தின் சொந்த நிதி, நன்கொடைப் புத்தகங்கள் என்று எது கிடைத்ததோ அதை வைத்து நூலகங்களுக்கு வண்ணம் பூசி, அலமாரி வாங்கி, புது முகம் கொடுத்தார்கள். இங்கே வரி விகிதம் உயரவில்லை. வசூலிக்கிற பஞ்சாயத்தும் நூலகம் நடத்துகிற பஞ்சாயத்தும் ஒன்றாகிவிட்டது, அவ்வளவுதான். கூரை ஒழுகினால் யாரைக் கேட்பது என்று ஊருக்குத் தெரியும்.

கேரளம் இன்னும் ஒரு படி மேலே. அங்கே ஊர் நூலகங்களின் பிரதிநிதிகள் வாக்களித்து, தாலுகா, மாவட்டம், மாநிலம் என்று நூலகக் கவுன்சிலை அமைக்கிறார்கள். வரவு செலவை வாசகர்கள் பக்கத்திலிருந்தே பேச ஆள் இருக்கிறது.

பெங்களூருவில் அந்த இடம் காலியாகவே கிடந்தது. மாநகராட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை. அடுத்த ஐந்து ஆண்டுகள் மேயரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை. அரசு நியமித்த நிர்வாக அதிகாரியே எல்லாம். மேயர் தலைமையில் கூட வேண்டிய ஆணையத்துக்கு மேயரே இல்லை என்றால், பாக்கியைக் கேட்பது யார், கொடுப்பது யார்? வசூலித்த கையே பதில் சொல்லும் கையாகவும் இருந்தது.

2025 செப்டம்பரில் பழைய மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்தது: மத்தி, கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு. நூலக மண்டலங்களின் பெயர்களும் கிட்டத்தட்ட இவையே என்பதால், வாய்ப்பு கையருகே இருக்கிறது. ஒவ்வொரு மாநகராட்சிக்கும் ஒரு நூலக ஆணையம், அதன் பெயரில் தனி வங்கிக் கணக்கு, வரி வசூலாகும்போதே நூலகப் பங்கு நேராக அதில் விழும் வசதி, கிளை நூலகருக்கு ஆண்டுக்கு ஒரு சிறு தொகையைத் தன் பொறுப்பில் செலவிடும் உரிமை: இந்த நான்கும் போதும். வார்டுத் தேர்தலில் வேட்பாளர் வாசலுக்கு வரும்போது சாலையையும் சாக்கடையையும் கேட்ட கையோடு, நூலக வரியில் எவ்வளவு நூலகத்துக்குப் போனது என்றும் கேளுங்கள். பதில் எழுத்தில் வேண்டும் என்றும் சொல்லுங்கள்.