நெட்போன் கடை கல்லாவைக் கடித்த 5 வினாடி!

சென்னை: துபாயில் இருக்கும் மகனிடம் நாலு வார்த்தை பேச, ஐ.எஸ்.டி. பூத்தை விட்டுவிட்டு பிரவுசிங் சென்டருக்கு ஜனங்கள் ஓடிய காலம் ஒன்று இருந்தது. 'நெட்போன் நிமிஷம் இவ்வளவுதான்' என்று வாசலில் போர்டு தொங்கும். கூட்டமும் வரும். ஆனாலும் ரேட்டைத் தப்பாகப் போட்ட கடைக்காரருக்கு கை சுட்டதுதான் மிச்சம்!

கம்ப்யூட்டரில் இருந்து வெளிநாட்டு போனுக்குப் பேச மத்திய அரசு அனுமதி கொடுத்தது 2002 ஏப்ரல் 1 முதல். உள்நாட்டு போன்களுக்கு அப்போது அனுமதி இல்லை. கடைக்காரர் கம்பெனிக்கு முன்பணம் கட்டி நிமிஷங்களை மொத்தமாக வாங்கி, சில்லறையாக விற்பார். கத்தரிக்காய் வியாபாரம் மாதிரிதான். ஆனால் வாங்கும்போது ஒரு எடைக்கல், விற்கும்போது வேறு எடைக்கல்!

எப்படி என்கிறீர்களா? ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். கம்பெனி ரேட் நிமிஷத்துக்கு ரூ.2. கடை ரேட் ரூ.3. வாடிக்கையாளர் பேசியது 65 வினாடி. கம்பெனி முழு நிமிஷமாகத்தான் கணக்கு எடுக்கும் என்றால் 2 நிமிஷத்துக்கு ரூ.4 போச்சு. கடைக்காரர் வினாடிக் கணக்கில் வாங்கினால் கிடைப்பது ரூ.3.25. ஒரு ரூபாய் லாபம் என்று நினைத்த இடத்தில் 75 காசு நஷ்டம்!

அதே கம்பெனி 6 வினாடிக் கணக்கு வைத்திருந்தால், 66 வினாடிக்கு ரூ.2.20தான். லாபம் ரூ.1.05. ஆகவே நிமிஷ ரேட்டைப் பார்ப்பதற்கு முன் 'எத்தனை வினாடிக்கு ஒரு கணக்கு' என்று கேட்பவரே கெட்டிக்காரர்.

கடைக்காரரும் முழு நிமிஷமாக வசூலித்தால்? 5 வினாடி கூடியதற்கு ரூ.6 கேட்டால் வாசலில் சண்டைதான். அதை முன்னாடியே போர்டில் எழுதி வைப்பதே மரியாதை.

ஒரு நாட்டுக்கு ஒரே ரேட் என்பதும் ஆபத்து. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் லேண்ட்லைனை விட செல்போனுக்கு அழைப்புக் கட்டணம் அதிகமாக இருந்தது.

பேக்ஸ் படுத்திய பாடு

பேக்சில் வேறு தலைவலி. குரலைச் சுருக்கி அனுப்பும் நெட்போன் லைனில் பேக்ஸ் சத்தம் சிதைந்துபோகும். இதற்கென்றே 1998இல் 'டி.38' என்ற முறை வந்தது. இரண்டு பக்கமும் அது இல்லாவிட்டால் பேக்ஸ் பாதியில் நிற்கும். ஓடிய நிமிஷத்துக்கு கம்பெனி காசு எடுத்துக்கொள்ளும். போகாத பேக்சுக்கு வாடிக்கையாளர் ஏன் கொடுக்கிறார்?

பக்கத்துக்கு இவ்வளவு என்று ரேட் போட்டாலும் சிக்கல். டைப் அடித்த கடிதம் சுமார் ஒரு நிமிஷத்தில் போய்விடும். போட்டோ, முத்திரை உள்ள பாஸ்போர்ட் நகல் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு நேரம் இழுக்கும். விசா வேலையாக வருகிறவர் கையில் இருப்பதோ அந்த நகல்தான்! போட்டோ பக்கத்துக்குத் தனி ரேட் வைத்தவர் தப்பித்தார்.

வாட்ஸ்அப்பில் 2015இல் பேசும் வசதி வந்த பிறகு இந்தக் கடைகளுக்கு வேலை குறைந்துபோனது. இன்றும் இன்டர்நெட் போன் சேவையை வாங்கி விற்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால், முதலில் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். அனுமதி இல்லாமல் தொலைத்தொடர்புச் சேவை நடத்தினால் 3 ஆண்டு வரை ஜெயில் அல்லது ரூ.2 கோடி வரை அபராதம், இல்லை இரண்டுமே விதிக்க 2023ஆம் ஆண்டு சட்டத்தில் இடம் உண்டு.