படகைக் காக்கும் காரீயம்



தஞ்சாவூர்ப் பொம்மைகளுள் ஒருவகை உண்டு. அதன் அடிப்பாகம் உருண்டு கனத்திருக்கும். மேற்பாகம் உள்ளீடற்று இலேசாக இருக்கும். எத்துணை முறை சாய்த்தாலும் அப்பொம்மை ஆடி அசைந்து மீண்டும் நிமிர்ந்து நிற்கும். இதில் மாயம் ஒன்றும் இல்லை. பொம்மையின் எடை முழுவதும் அடியிலே திரண்டிருப்பதுதான் காரணம். பெருங்கடலில் செல்லும் பாய்மரப் படகைக் கவிழாமல் காப்பதும் இதே விதிதான்.

காற்று பாயின்மேல் மோதும்போது படகை முன்னே செலுத்துவதோடு நில்லாமல், பக்கவாட்டில் சாய்க்கவும் முயல்கிறது. பாய் உயர உயர, சாய்க்கும் வலிமையும் மிகுகிறது. அதனை எதிர்த்துப் படகை நிமிர்த்துவதற்காக அடியில் வைக்கப்படும் எடைக்கு அடிப்பாரம் என்று பெயர்.

முற்காலத்துக் கப்பல்களில் கற்களையே அடிப்பாரமாக இட்டனர். சுவீடன் நாட்டு அரசர் பெரும் பொருட்செலவில் கட்டுவித்த 'வாசா' என்னும் போர்க்கப்பல், 1628ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் ஸ்டாக்ஹோம் துறைமுகத்திலிருந்து முதன்முதலாகப் பாய் விரித்துப் புறப்பட்டது. ஏறத்தாழ 1,300 மீட்டர் தொலைவு செல்வதற்குள், ஒரு காற்று வீச்சிலே சாய்ந்து, பீரங்கிச் சாளரங்களின் வழியே நீர் புகுந்து மூழ்கியது. அதன் அடியில் ஏறத்தாழ 120 டன் கல் இருந்தது. பீரங்கிகளின் கனமும் மேல்தளங்களின் கனமும் மிகுதியாக இருந்தமையால் அக்கல் போதவில்லை. மேலும் கல் இட்டால் கப்பல் தாழ்ந்து, பீரங்கிச் சாளரங்கள் நீர்மட்டத்தை நெருங்கிவிடும். 1961இல் கடலடியிலிருந்து மீட்கப்பட்ட அக்கப்பலை இன்றும் ஸ்டாக்ஹோம் நகரில் காணலாம்.

எடை மட்டும் இருந்தால் போதாது. அது மிகத் தாழ்வான இடத்தில், மிகக் குறைந்த இடத்தை அடைத்துக்கொண்டு இருத்தல் வேண்டும். இதனை உணர்ந்த இங்கிலாந்து, அமெரிக்கப் படகுத் தொழிலாளர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அடிப்பாரத்தைப் படகின் உள்ளேயிருந்து வெளியே கொண்டுவந்தனர். படகின் முதுகெலும்பாகிய அடிக்கட்டையை ஏரா என்பர். அம்மர ஏராவின் கீழே, ஒரே வார்ப்பாகிய உலோகக் கட்டியைப் பொருத்தினர். அவ்வுலோகம் பெரும்பாலும் காரீயம்.

இங்கே ஒரு சொல் விளக்கம் தேவை. நம் வீடுகளில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. நாம் பேசுவது அதுவன்று, நச்சுத்தன்மையுடைய காரீயம். பெயர் ஒற்றுமை கண்டு ஒன்றை மற்றொன்றாகக் கருதிவிடலாகாது.

காரீயத்தைத் தேர்ந்தது ஏன்? ஒரு லிட்டர் நீரின் எடை 1 கிலோ. ஒரு லிட்டர் வார்ப்பிரும்பின் எடை ஏறத்தாழ 7.2 கிலோ; காரீயமோ 11.3 கிலோ. இரண்டு டன் அடிப்பாரத்துக்கு இரும்பானால் ஏறத்தாழ 278 லிட்டர் இடம் வேண்டும்; காரீயத்துக்கு 176 லிட்டர் போதும். பொன் இதனினும் கனமானதுதான். ஆனால் அதைக் கடலுக்கு அடியில் தொங்கவிட யாருக்கு மனம் வரும்? மேலும் காரீயம் கடல்நீரில் எளிதில் அரிபடுவதில்லை. 327 பாகை செல்சியசு வெப்பத்தில் உருகிவிடுகிறது. வார்ப்பிரும்பை உருக்குவதற்கு 1,100 பாகைக்கு மேல் வேண்டும். ஆதலின் இரும்பு ஏராவை வார்க்க வார்ப்படச்சாலையை நாட வேண்டும். காரீய ஏராவைப் படகு கட்டுவோர் தம் கொல்லைப்புறத்திலேயே வார்த்துக்கொள்வதும் உண்டு.

முதலில், ஏராவின் வடிவத்தில் மரத்தால் முழுஅளவு மாதிரி ஒன்று செய்கின்றனர். காரீயம் உறையும்போது அதன் பருமன் நூற்றுக்கு மூன்றரை பங்கு குறையும். உறைந்து ஆறும்போது மேலும் சுருங்கும். ஆகவே மாதிரியைச் சற்றுப் பெரிதாகவே செய்தல் வேண்டும். அம்மாதிரியைக் கொண்டு மணலாலோ சிமெண்டாலோ அச்சு அமைக்கின்றனர். தடித்த பலகைகளால் பெட்டிபோல் அச்சுச் செய்வோரும் உளர்.

அச்சு எவ்வளவு உறுதியாக இருக்க வேண்டும்? அரை மீட்டர் ஆழமுள்ள அச்சில் உருகிய காரீயத்தை நிரப்பினால், அதன் அடியில் ஏற்படும் அழுத்தம், ஐந்து மீட்டருக்கும் சற்று மிகுதியான ஆழமுள்ள கிணற்றின் அடியில் உள்ள நீரழுத்தத்துக்குச் சமம். ஆதலால் அச்சைக் குழியில் இறக்கி, சுற்றிலும் மண்ணை இட்டு இடித்துக் கெட்டிப்படுத்துகின்றனர். திருகாணித் துளைகளுக்காக உள்ளே மரத்துண்டு வைத்தால், அதனையும் இறுகப் பிணைக்க வேண்டும். தக்கை நீரில் மிதப்பதுபோல் மரம் காரீயத்தில் மேலெழும்பிவிடும்.

அடுத்தது உருக்குதல். பழைய வார்ப்பிரும்புக் குளியல்தொட்டியைச் செங்கல் மேடைமேல் ஏற்றி, கீழே விறகு மூட்டி, அதையே கொப்பரையாகக் கொள்வது பலர் கையாண்ட முறை. இரண்டு டன் உலோகத்தை உருக்குவதற்கு மலையளவு விறகு வேண்டும் என்று நீங்கள் எண்ணலாம். உண்மை வேறு. அறை வெப்பத்தில் உள்ள ஒரு கிலோ நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவையான வெப்பத்தில், ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே ஒரு கிலோ காரீயத்தை முற்றிலும் உருக்கப் போதும். காரீயம் வெப்பத்தை ஏற்பதில் அத்துணைச் சிக்கனமானது. ஆனால் ஏற்றதை விரைவில் இழந்தும் விடுகிறது. வார்ப்பவர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு இதுவே.

இவ்வேலையில் கொடிய பகை நெருப்பன்று, நீர். ஒரு துளி நீர் ஆவியானால் 1,600 மடங்குக்கும் மேல் விரியும். உருகிய காரீயத்தின் அடியில் அது அகப்பட்டால், கொதிக்கும் உலோகத்தை நாற்புறமும் வாரியிறைக்கும். ஆகவே அச்சு எலும்புபோல் உலர்ந்திருக்க வேண்டும். மழை பெய்யும் நாளில் வார்ப்பது கூடாது. பழைய குழாய்களைக் கொப்பரையில் இடும்போது மிகுந்த விழிப்பு வேண்டும். அவற்றின் நசுங்கிய முனைக்குள் நீர் தங்கியிருக்கக் கூடும். எனவே ஒவ்வொரு துண்டையும் கொப்பரையின் விளிம்பில் வைத்துச் சூடேற்றி, ஈரம் போன பின்னரே உள்ளே இறக்குகின்றனர்.

காரீயம் முழுவதும் உருகியதும், மேலே மிதக்கும் கசட்டை வழித்தெடுத்துவிட்டு, இரும்புக் குழாய் வழியாக அச்சினுள் விடுகின்றனர். குழாயையும் முன்னரே சூடேற்ற வேண்டும். இல்லையேல் பாதிவழியிலேயே காரீயம் உறைந்து அடைத்துக்கொள்ளும். ஒழுக்கு இடையில் நிற்கவும் கூடாது. நின்றால், முன்னே ஊற்றியதன் மேற்பரப்பு ஆறிவிடும். பின்னே ஊற்றியது அதனோடு ஒன்றாது. வெளியே ஒரே கட்டிபோல் தோன்றினும் உள்ளே பிளவு மறைந்திருக்கும். ஊற்றி முடிந்த பின்னும், உறையுங்கால் விழும் பள்ளத்தில் மேலும் உருகிய காரீயத்தை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பல வாரங்கள் ஆயத்தம் செய்த வேலை, சிறிது நேரத்தில் முடிந்துவிடும். அந்நேரத்தில் பிழையைத் திருத்த வாய்ப்பில்லை.

கட்டி நன்கு ஆறிய பின் வெளியே எடுத்து, தச்சரின் இழைப்புளியாலேயே சீர்செய்யலாம். காரீயம் அவ்வளவு மென்மையானது. அம்மென்மையைச் சிறிது குறைப்பதற்காக உருக்கும்போதே ஆன்டிமனி என்னும் தனிமத்தைச் சேர்ப்பதும் உண்டு. பின்னர் நீண்ட வெண்கலத் திருகாணிகளால் அதனை மர ஏராவோடு பிணைக்கின்றனர்.

இன்னும் ஓர் எச்சரிக்கை. காரீயத்தின் ஆவியும், கசட்டுப் பொடியும், இழைக்கும்போது பறக்கும் துகளும் உடலில் சேர்ந்தால் நரம்பையும் குருதியையும் கெடுக்கும். குழந்தைகளின் மூளைக்கு இது பெருங்கேடு. இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே காரீயத்துக்கு இல்லை என்பது இன்றைய மருத்துவ அறிவு. ஆகவே இவ்வேலை செய்வோர் திறந்தவெளியில், தக்க மூச்சுக்காப்பு அணிந்து, குழந்தைகளை அண்டவிடாமல் செய்தல் வேண்டும். அங்கே உண்பதும் பருகுவதும் ஆகா. நீங்களும் இதனை அறிந்துகொள்வதற்காகக் கேளுங்கள். செய்து பார்ப்பதற்காக அன்று.

இத்துணை உழைப்பும் இடரும் எதற்காக? 1967ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் இரவு, ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே டாஸ்மன் கடலில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். இங்கிலாந்தைச் சேர்ந்த பிரான்சிஸ் சிச்செஸ்டர், 65 வயதில், 'ஜிப்சி மாத் 4' என்னும் மரப் படகில் தன்னந்தனியே உலகைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். சிட்னியை விட்டுப் புறப்பட்ட மறுநாள் இரவு, அவர் படுக்கையில் இருந்தபோது பேரலை ஒன்று படகைப் புரட்டியது. பாய்மரம் நீருக்குள் ஆழ்ந்தது. அவ்விருளில் அவர் செய்யக் கூடியது ஒன்றும் இல்லை. ஆனால் நீருக்கு அடியில் இருந்த ஏராவின் கனம் இப்போது மேலே எழுந்து நின்றது. தன் இயல்பின்படி கீழே இறங்க முற்பட்டது. இறங்கும்போது படகையும் நிமிர்த்திவிட்டது. அவ்வாண்டு மே 28ஆம் நாள் சிச்செஸ்டர் பிளிமத் துறைமுகத்தை நலமே அடைந்தார்.

துறைமுகத்தில் பாய்மரப் படகைக் காண்போர் வெண்மையான பாயையும் வழவழப்பான மரத்தையும் கண்டு வியப்பர். நீருக்குள் கிடக்கும் அழகற்ற கரிய கட்டியை எவரும் காண்பதில்லை. அதனை வார்த்தவர் ஈரம் போக்கினாரா, இடைவிடாது ஊற்றினாரா என்பதையும் எவரும் கேட்பதில்லை. நள்ளிரவில் வரும் அலை ஒன்றே அதனைக் கேட்கும்.